பதில் சொல்லும் பதுமைகள்

மிஸ்ர் நாடு என்றவுடன் நம் மனக்கண் முன் எழுவன பிரமிடுகள். அவற்றை அடுத்து, பாடம் செய்து வைக்கப்பட்ட ஃபிர்அவ்ன்களின் உடல்கள். அந்நாட்டின் தொல்பொருள்களைக் காணச் செல்வோர் கல்மலையையும், காலத்தை எதிர்த்துக் கிடக்கும் உடலையும் நெடுநேரம் நோக்கி வியக்கின்றனர். அவற்றின் அருகே கண்ணாடிப் பேழைகளில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு பதுமைகளையோ ஒரு கணம் பார்த்துவிட்டு அப்பால் நடந்துவிடுகின்றனர்.

அப்பதுமைகளுள் பல ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. நீலமும் பசுமையும் கலந்த மெருகு. துணி சுற்றிய பிரேதத்தின் வடிவம். மார்பின்மீது குறுக்காக மடிந்த கைகள். அக்கைகளை உற்று நோக்கும்போதுதான் வியப்புத் தொடங்குகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு மண்வெட்டி! முதுகுப்புறம் பார்த்தால் தோளிலிருந்து தொங்கும் விதைப்பையும் கூடையும்!

இறந்தவன் கையில் மண்வெட்டி எதற்கு? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடிச் சென்றால், பிரமிடுகள் நமக்குச் சொல்லாத ஒரு வரலாற்றை இப்பதுமைகள் சொல்லக் கேட்கலாம். அது வேலை வாங்கியவர்களின் அச்சத்தையும், வேலை செய்தவர்களின் வாழ்வையும் ஒருங்கே காட்டும் வரலாறு.

பெயரும் பணியும்

இப்பதுமைகளை ஆராய்ச்சியாளர் ‘ஷப்தி’ என்றும் ‘உஷப்தி’ என்றும் வழங்குகின்றனர். உஷப்தி என்னும் பிற்காலப் பெயருக்குப் பண்டைய எகிப்திய மொழியில் ‘பதில் கொடுப்பவர்’ என்பது பொருள். யாருக்குப் பதில்? எதற்குப் பதில்? அதனைப் பதுமையின் உடலிலேயே எழுதி வைத்தனர். இடுப்புக்குக் கீழே சுற்றிச் சுற்றி வரும் சித்திர எழுத்துகள் ஒரு மந்திரம். கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்துச் சவப்பெட்டிகளில் முதன்முதலாகத் தோன்றிய அது, பின்னர் ‘இறந்தோர் நூல்’ என்று இன்று அழைக்கப்படும் தொகுப்பில் ஆறாம் அத்தியாயமாக இடம்பெற்றது.

அதன் கருத்து இதுவாகும்: இறந்தோர் உலகில் இன்னாரை வேலைக்குக் கூப்பிட்டால், வயலைப் பண்படுத்தவோ, கரையோர நிலங்களுக்கு நீர் பாய்ச்சவோ, மணலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தோணியில் கொண்டு செல்லவோ அவர் பெயரைச் சொல்லி அழைத்தால், அவருக்குப் பதிலாகப் பதுமையே எழுந்து, வந்துவிட்டதாகக் குரல் கொடுக்க வேண்டும். செல்வர் உறங்கிக்கொண்டிருப்பார், அவருடைய பெயருக்குப் பொம்மை ஆஜர் சொல்லும்.

பண்டைய எகிப்தியர் கற்பனை செய்த சொர்க்கம் ‘நாணல் வயல்’ எனப்பட்டது. ஒசைரிஸ் என்னும் தெய்வத்தின் ஆட்சிக்குட்பட்ட அப்பூமியில் வாய்க்கால்கள் ஓடும். ஆளுயரத்துக்கும் மேலாகத் தானியம் விளையும். ஆயினும் அங்கும் வயல் இருந்தது. வயல் இருந்தால் உழ வேண்டும். வாய்க்கால் இருந்தால் தூர் வார வேண்டும். வேலையே இல்லாத ஒரு மறு உலகை நைல் நதிக்கரை உழவர் நாட்டினால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆகவே, வேலை இருக்கட்டும், அதைச் செய்ய வேறொருவர் இருக்கட்டும் என்று செல்வர்கள் முடிவு செய்தனர். அந்த வேறொருவரே உஷப்தி.

பதுமைக்கு முன்னே

இறந்தவருக்கு ஊழியர் வேண்டும் என்னும் எண்ணம் உஷப்தியைவிடப் பழையது. ஏறத்தாழ கி.மு. 3000இல், முதல் அரச மரபின் காலத்தில், அபைடோஸ் என்னுமிடத்தில் ஜெர் என்ற மன்னன் அடக்கம் செய்யப்பட்டான். அவனுடைய கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கு மேற்பட்ட சிறு குழிகள் வரிசையாக அமைந்திருப்பதை அகழ்வாராய்ச்சி வெளிப்படுத்தியது. அவற்றுள் அடக்கப்பட்டவர்கள் அரண்மனை ஊழியர்கள். மன்னனோடு செல்வதற்காக அவர்களுள் பலர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. அம்மரபு முடிவதற்குள் அவ்வழக்கமும் மறைந்துவிட்டது.

அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்து, பிரமிடுகள் எழுந்த காலத்தில், மனிதருக்குப் பதிலாகச் சிலைகள் வந்தன. தானியம் அரைக்கும் பெண், மாவு பிசைபவர், அடுப்பின் முன் அமர்ந்து அனலுக்குக் கையால் முகத்தை மறைப்பவர் எனச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கப்பட்ட ஊழியர்கள் பிரபுக்களின் கல்லறைக்குள் சென்றனர். கி.மு. 2000ஐ ஒட்டி மரத்தாலான மாதிரிகள் பெருகின. மெகெத்ரே என்னும் உயர் அதிகாரியின் கல்லறையில் 1920இல் கிடைத்த மாதிரிகள் இவற்றுள் புகழ்பெற்றவை. மாடுகளை எண்ணும் காட்சி, ரொட்டி சுடும் இடம், நெசவுக்கூடம், தானியக் களஞ்சியம், படகுகள் என ஒரு பண்ணை முழுவதும் பொம்மை வடிவில் அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. இன்று அவை கெய்ரோவிலும் நியூயார்க்கிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

மனிதப் பலியின் இடத்தை உஷப்தி நேரே பிடித்துக்கொண்டது என்று கதைபோல் சொல்வோர் உண்டு. வரலாறு அவ்வளவு நேரானதன்று. இரண்டுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டு கிடக்கிறது. அத்துடன், உஷப்தி தொடக்கத்தில் ஓர் ஊழியனின் உருவமாகவே இருக்கவில்லை. மெழுகாலோ மண்ணாலோ செய்த சிறு உருவம்; அதற்குத் துணி சுற்றி, ஒரு சிறு சவப்பெட்டியும் செய்து அதில் கிடத்தினர். அது இறந்தவரின் உருவமேயாகும். பாடம் செய்த உடல் அழிந்துபோனாலும் அவர் நிலைத்திருக்க இன்னோர் உடல் வேண்டும் என்பதே நோக்கம். ஒருவருக்கு ஒரு பதுமை, மிஞ்சினால் இரண்டு. அப்பதுமை வேலைக்குப் போனால் போனவர் அவரே!

இந்தத் தொடக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நேர்ந்த மாற்றம் எத்துணைப் பெரியது என்பதை அப்போதுதான் உணர முடியும்.

ஏன் இந்த அச்சம்?

மறு உலகில் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற அச்சம் எங்கிருந்து பிறந்தது? இம்மை உலகிலிருந்தே பிறந்தது. ஆண்டுதோறும் நைல் பெருக்கெடுக்கும். 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்படும் வரை, அந்நாட்டின் வாழ்வும் சாவும் அவ்வெள்ளத்தைப் பொறுத்திருந்தன. வெள்ளம் வடிந்தபின் கரைகள் இடிந்திருக்கும், வாய்க்கால்கள் தூர்ந்திருக்கும், வயல்களின் எல்லைகள் அழிந்திருக்கும். அனைத்தையும் மீண்டும் சீராக்க ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். அரசாங்கம் பெயர்ப்பட்டியலை எடுத்து ஆட்களை அழைக்கும். விருப்பத்தைக் கேளாமல் வாங்கப்படும் இவ்வேலையை நம் முன்னோர் அமஞ்சி என்றனர்.

அழைப்பை மறுத்தால் என்ன நேரும்? அதற்கும் ஓர் ஏடு சான்று கூறுகிறது. அமெரிக்காவின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் சுருள் ஒன்று, கி.மு. 1800ஐ ஒட்டிய காலத்துச் சிறைப் பதிவேடு. அரசாங்க வேலையிலிருந்து தப்பி ஓடிய எழுபதுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஓடியவர்களுள் பெண்ணும் உண்டு. ஓடியவருக்காக அவருடைய குடும்பத்தார் பிடித்து வைக்கப்பட்டதையும் அவ்வேடு காட்டுகிறது. உஷப்தி மந்திரம் சவப்பெட்டிகளில் எழுதப்பட்டுவந்த அதே யுகத்தைச் சேர்ந்தது இந்தப் பதிவேடு! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மந்திரத்தின் மொழி எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுதல், வாய்க்கால், கரை, மணல்: அத்தனையும் அரசாங்க எழுத்தரின் ஏட்டிலிருந்து எழுந்தவை.

இந்தக் கட்டாய ஊழியம் அந்நாட்டில் ஃபிர்அவ்ன்களோடு மறைந்துவிடவில்லை. 1859இல் சூயஸ் கால்வாயைத் தோண்டத் தொடங்கியபோதும், கூட்டம் கூட்டமாக உழவர்கள் கிராமங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு மணலை அள்ளினர். கால்வாய்க் கம்பெனிக்கு அவ்வாறு ஆள் கொடுப்பது 1864இல்தான் முடிவுக்கு வந்தது. உஷப்திகள் சுமக்க வேண்டிய அதே மணலை, மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மனிதர்கள் சுமந்தனர்.

ஒன்று நானூறான கதை

ஒருவருக்கு ஒரு பதுமை என்றிருந்த வழக்கம் கி.மு. 1500க்குப் பிறகு வேகமாக மாறிற்று. பதுமைகளின் கையில் கருவிகள் தோன்றின, எண்ணிக்கை பெருகிற்று. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமூனின் கல்லறையில் கிடைத்த உஷப்திகள் 413. அக்கணக்கு தற்செயலானதன்று. ஆண்டின் நாளொன்றுக்கு ஒருவராக 365 வேலையாட்கள். பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளர்கள். மாதத்துக்கு ஒருவராக 12 தலைமை மேற்பார்வையாளர்கள். அவர்கள் கையாள 1,866 சிறு கருவிகளும் உடன் வைக்கப்பட்டிருந்தன. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, காவடித் தண்டு எனச் செம்பிலும் மரத்திலும் செய்த பொம்மைக் கருவிகள் அவை. நக்த்மின் என்ற படைத்தலைவர் ஐந்து பதுமைகளில் தம் பெயரைப் பொறித்து, இளம் வயதில் இறந்த தம் மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். இக்கல்லறையில் கிடைத்த செல்வம் முழுவதும் 2025 நவம்பரில் கீஸாவில் திறக்கப்பெற்ற மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் வந்த முதலாம் சேத்தியின் கல்லறையில் எழுநூறுக்கு மேற்பட்ட பதுமைகள் இருந்தன. கி.மு. 664இல் மறைந்த நூபிய மன்னன் தஹர்காவின் பிரமிடு இன்றைய சூடான் நாட்டின் நூரியில் உள்ளது. அதனுள் கல்லால் செதுக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட உஷப்திகள் ஒரு படையைப்போல் நின்றுகொண்டிருந்தன.

எண்ணிக்கையைவிட நம் கருத்தைக் கவர்வது வடிவத்தில் நேர்ந்த மாற்றம். கி.மு. 1000ஐ ஒட்டி 401 பதுமைகள் கொண்ட தொகுதி செல்வர்களிடையே வழக்கமாயிற்று: 365 வேலையாட்கள், 36 மேற்பார்வையாளர்கள். வேலையாள் துணி சுற்றிய பிரேத வடிவில் இருப்பான். மேற்பார்வையாளனோ உயிரோடிருப்பவர் உடுத்தும் உடையில் இருப்பான்; அவன் கையில் சாட்டை! பொம்மைகள் வேலையைத் தட்டிக்கழிக்கும் என்று எண்ணிப் பொம்மைக்கும் ஒரு கங்காணியை அமர்த்தினர். ஆராய்ச்சியாளர் இப்பதுமையை ‘ரயீஸ்’ என்று அழைக்கின்றனர். அகழ்வாராய்ச்சியில் எகிப்திய வேலையாட்களின் தலைவனுக்கு வழங்கிய அறபுச் சொல் அப்படியே நூல்களில் ஏறிவிட்டது.

முதலில் பதுமை இறந்தவராகவே இருந்தது. இப்போது அது அவருடைய அடிமையாகிவிட்டது. அக்காலத்து எழுத்துகளும் பதுமைகளை ஆண் அடிமைகள், பெண் அடிமைகள் என்றே குறிப்பிடுகின்றன. தாமே போக வேண்டிய வேலைக்குத் தம் உருவத்தை அனுப்பிய மனிதர், ஆயிரம் ஆண்டு கழிவதற்குள் சாட்டையின் துணையோடு நானூறு பேரை அனுப்பக் கற்றுக்கொண்டார்.

கூலி கொடுத்த சீட்டு

இவ்வரலாற்றில் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஒரு ரசீது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறு பாப்பிரஸ் ஏட்டினை ஐ.ஈ.எஸ். எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் 1971இல் வெளியிட்டார். மூவாயிரம் ஆண்டை நெருங்கும் அவ்வேட்டில், அமூன் கோயிலைச் சேர்ந்த தாயத்துச் செய்வோரின் தலைவர் ஒருவர், தம்மிடம் உஷப்தி வாங்கிய குருவுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கிறார். 365 பதுமைகளுக்கும் அவற்றின் 36 மேற்பார்வையாளர்களுக்கும், ஆக 401க்கும் உரிய வெள்ளியைத் தாம் மனநிறைவோடு பெற்றுக்கொண்டதாகத் தெய்வத்தின் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறார். அத்தோடு நில்லாமல் பதுமைகளை நோக்கியும் பேசுகிறார். விலை கொடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அவை தாமதமின்றி வேலைக்குப் போக வேண்டும் என்கிறார்.

இதுபோன்ற இன்னொரு சான்றும் உண்டு. இரண்டாம் பினெஜெம் என்ற தலைமைக் குருவின் மனைவி நெஸ்கொன்ஸ். அவருக்காக எழுதப்பட்ட மரப்பலகைகளுள் ஒன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. பதுமைகளுக்குரிய விலை செய்தவர்களிடம் செலுத்தப்பட்டுவிட்டதால், அவை அப்பெண்மணிக்காக உழைத்தே ஆக வேண்டும் என்று அமூன் தெய்வத்தின் பெயரால் ஓர் ஆணையே அவற்றில் பிறப்பிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வேடுகளில் ஒளிந்திருக்கும் மனக்குறையைக் கவனியுங்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்கினால் அது நிற்காது என்பதை இவர்கள் அறிந்திருந்தனர். மண்பொம்மையிடம்கூடக் கணக்குத் தீர்க்காமல் வேலை கேட்க அவர்கள் மனம் துணியவில்லை. ஆனால் கூலி யாருக்குப் போயிற்று? செய்து கொடுத்தவருக்குப் போயிற்று. உழைக்கப்போகும் பதுமைக்கு ஒன்றுமில்லை. ஆளைப் பிடித்துக் கொடுத்தவனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆளிடம் ஆயுள் முழுவதும் வேலை கேட்கும் அடிமை வியாபாரத்தின் நியாயம் இதுவன்றோ!

தாமே உழுத தம்பதிகள்

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அதே நாட்டில் உண்டு. நைலின் மேற்குக் கரையில், மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த ஊர் இன்று தைருல் மதீனா எனப்படுகிறது. அவ்வூரைச் சேர்ந்த சென்னெஜெம் என்னும் தொழிலாளியின் கல்லறை 1886இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் சுவரில் நாணல் வயல் வண்ணமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் ஏர் பிடித்து உழுபவர் சென்னெஜெம். பின்னால் விதைத்து வருபவர் அவருடைய மனைவி. இருவரும் வெண்ணிறத் திருநாள் உடையில் இருக்கின்றனர். அவர்களுடைய கல்லறையிலும் உஷப்திகள் இருந்தன. ஊர் வழக்கத்தை யார் விட்டார்? ஆயினும் சுவரில் வேலை செய்பவர்கள் அவர்களே. வேலையைக் கண்டு அவர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை.

அந்த ஊரார் அஞ்சியது வேறொன்றுக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அவர்களுக்குக் கூலியாக வர வேண்டிய தானியம் வரவில்லை. பசி பொறுக்காமல் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, கோயில்களின் பின்புறம் சென்று உட்கார்ந்துகொண்டனர். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசினர், தொழிலாளர் எழவில்லை. இத்தாலியின் தூரின் நகரில் உள்ள பாப்பிரஸ் ஏடு இதை நாள் விவரத்தோடு பதிவு செய்திருக்கிறது. வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். பதுமைக்குக் கூலி கொடுத்ததற்கு ரசீது எழுதி வாங்கிய நாட்டில், கல்லறையைக் குடைந்தவர்கள் கூலிக்காகத் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

உஷப்திகளைச் செய்தவர்களும் அத்தகைய எளியவர்களே. நீல மெருகு ஏறிய பதுமைகள் களிமண்ணால் ஆனவை அல்ல. வெண்கல் பொடியையோ மணலையோ உவர்ச்சாரத்துடனும் சிறிது சுண்ணாம்புடனும் பிசைந்து, செம்புச் சேர்மானத்தால் நிறமூட்டி, அச்சில் அழுத்தி எடுத்து உலர்த்துவர். உலரும்போது உப்பு மேற்பரப்பில் பூக்கும். சூளையில் இட்டதும் அப்பூப்பே கண்ணாடி மெருகாக மாறிவிடும். அவ்வளவு நுட்பம் அறிந்த கைகளின் சொந்தக்காரர் எவர் பெயரும் பதுமையின் மீது இல்லை. பொறிக்கப்பட்டிருப்பது வாங்கியவர் பெயரே. நானூறு உருவங்களிலும் ஒரே பெயர்!

படிப்பினை

கி.பி. 1200ஐ ஒட்டி மிஸ்ரில் வாழ்ந்த பக்தாது நகரத்து மருத்துவ மேதை அப்துல் லத்தீஃப், அந்நாட்டின் தொன்மைச் சின்னங்களை நேரில் ஆராய்ந்து நூல் எழுதினார். புதையலுக்காகக் கல்லறைகளைத் தோண்டிச் சிதைத்தவர்களை அவர் வன்மையாகக் கண்டித்தார். முன்னோர் விட்டுச் சென்றவற்றைக் காத்து வைப்பது காலத்தை அறியவும் சிந்தித்துப் பாடம் பெறவும் உதவும் என்பது அவர் கருத்து. அவர் தம் நூலின் பெயரிலேயே ‘இஃதிபார்’, அதாவது படிப்பினை பெறுதல், என்ற சொல்லை வைத்தார்.

அவர் காட்டிய கண்ணோடு இப்பதுமைகளைப் பார்ப்போம். கபுறில் கேட்கப்படும் கேள்விக்கு ஒவ்வொருவரும் தாமே பதில் சொல்ல வேண்டும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். தைக்கப்படாத துணியொன்றைத் தவிர வேறெதையும் உடன் கொண்டு செல்லாதவர்கள். ஆகவே, பதில் சொல்லவும் ஓர் ஆளை விலைக்கு வாங்கிய அச்செல்வர்களைக் கண்டு நகைக்கத் தோன்றலாம். நகைப்பதற்கு முன் நம் வீட்டைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம். நம் அடுக்களையிலும் கடையிலும் வயலிலும், நம் பெயருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கைகள் எத்தனை? அவர்களுள் எத்தனை பேருடைய முழுப் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் கணக்கு இன்று மாலை தீர்க்கப்பட்டுவிட்டதா?

கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் நீலப் பதுமை இன்றும் மண்வெட்டியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளில் அதை வேலைக்கு அழைத்தவர் எவருமிலர். அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் உயிருள்ள மனிதர்களே.